சிமிழளவு மை

எழுதுகோலுக்குத் திருமறையில் தனிச்சிறப்பு உண்டு. அதன் பெயரையே தாங்கி 68ஆம் அத்தியாயம் விளங்குகிறது. மைக்கும் அங்கே இடம் இல்லாமல் இல்லை. இறைவனின் சொற்களுக்கு எல்லையில்லை என்பதை உணர்த்தவந்த சூரத்துல் கஹ்ஃபு, கடலையே மையாக உவமித்துக் காட்டுகிறது. இவ்வளவு இருந்தும், நூல்களின் வரலாற்றை எழுதுவோர் எழுதியவரைப் போற்றுவர். எழுத்தின் அழகைப் போற்றுவர். தாளையும் அச்சுப்பொறியையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவர். அந்த மை எங்கிருந்து வந்தது, அதை யார் காய்ச்சினார், எந்த அளவில் விற்றார், வாங்கியவர் எவ்வளவு வாங்கினார் என்று கேட்பார் அரியர்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து, மை தடவி, தாளில் அழுத்தி எடுக்கும் எழுத்தச்சு முறை இன்று வணிக உலகிலிருந்து பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது. ஆயினும் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் அதனை ஆசைக்காகவும் அழகுக்காகவும் வீட்டின் ஓர் அறையில் வைத்து நடத்துவோர் இருக்கின்றனர். அவர்களை வருத்தும் சிக்கல் ஒன்று உண்டு. இயந்திரம் பழையதாகக் கிடைக்கிறது. எழுத்தும் தேடினால் கிடைக்கிறது. வேண்டிய சிறிய அளவில் மை கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இச்சிக்கலுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் நமக்கும் பங்கு உண்டு.

வர்ராக்கின் மைக்கூடு

அச்சு தோன்றுமுன் முஸ்லிம் உலகின் நூல்களைப் பெருக்கியவர்கள் வர்ராக்குகள். படியெடுத்தல், கட்டுதல், தாளும் நூலும் விற்றல் ஆகிய அனைத்தும் அவர்கள் தொழில். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யஅகூபீ, பக்தாதில் 100க்கும் மேற்பட்ட நூற்கடைகள் இருந்ததைக் குறிப்பிடுகிறார். ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், ‘அல் ஃபிஹ்ரிஸ்த்’ எனும் மாபெரும் நூற்பட்டியலைத் தொகுத்த இப்னு நதீமும் ஒரு வர்ராக்கே.

இப்பெருமக்கள் கையாண்ட மை இருவகைப்பட்டது. ஒன்று ‘மிதாத்’, விளக்குக்கரியைப் பிசினோடும் நீரோடும் குழைத்து அரைப்பது. மற்றொன்று ‘ஹிப்ர்’, மாசிக்காயை ஊறவைத்து வடித்த சாற்றில் அன்னபேதியும் வேலம்பிசினும் சேர்த்துச் செய்வது. இச்சொற்கள் பிற்காலத்தில் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கப்பட்டாலும், பொருளறிந்தோர் இவ்வேறுபாட்டைப் பேணியே வந்தனர். வட ஆப்பிரிக்காவை ஆண்ட ஸீரீ மரபின் மன்னர் அல் முஇஸ் இப்னு பாதீஸ் (ஹிஜ்ரி 454இல் மறைந்தவர்) பெயரால் வழங்கும் ‘உம்தத்துல் குத்தாப்’ என்னும் நூல், எழுதுகோல் செதுக்குவதிலிருந்து நூற்கட்டு வரை பேசுகிறது. அதன் பெரும்பகுதி மை செய்யும் முறைகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. ஓர் அரசரின் பெயரால் மைக்குறிப்பு நூல் நிலவியது என்பதே அக்காலத்தார் இத்தொழிலுக்கு அளித்த மதிப்பைக் காட்டும். ஹிஜ்ரி 821இல் மறைந்த எகிப்திய அறிஞர் கல்கஷந்தியும் தம் ‘சுப்ஹுல் அஃஷா’ எனும் பேரேட்டில் மைக்கென இடம் ஒதுக்கினார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது அளவு. எழுதுபவனுக்கு வேண்டியது ஒரு கூடு மை. மைக்கூட்டினுள் ‘லீக்கா’ என்னும் பட்டு நூற்பஞ்சைச் செருகி வைப்பர். மை அதில் ஊறி நிற்கும். எழுதுகோல் பஞ்சைத் தொட்டு வேண்டிய அளவே எடுத்துக்கொள்ளும். கூடு கவிழ்ந்தாலும் மை கொட்டாது. தீர்ந்தால் வீட்டிலேயே மேலும் செய்துகொள்ளலாம். விளக்கு எரிகிற வீட்டில் கரிக்குப் பஞ்சமில்லை. மாசிக்காயும் அன்னபேதியும் மருந்துக்கடையில் கிடைத்தன. நம் நாட்டில் கடுக்காயும் அன்னபேதியும் கொண்டு மை செய்த வழக்கமும் இதற்கு உறவுடையதே. ஆக, எழுத்தாளன் எவ்வளவு ஏழையாயினும் மைக்காக எவரிடமும் கையேந்தும் நிலையில் இல்லை.

இஸ்தான்புல் நகரில் 1557இல் நிறைவுற்ற சுலைமானியா பள்ளிவாசலைக் கட்டிய மிஃமார் சினான், நூற்றுக்கணக்கான எண்ணெய் விளக்குகளின் புகை சுவர்களைக் கருக்காதிருக்கும் வண்ணம், காற்றோட்டம் அதனை வாயிலின் மேலமைந்த ஒரு சிற்றறைக்கு இழுத்துச் செல்லுமாறு அமைத்தார் என்பர். அங்கே படிந்த கரியைத் திரட்டி எழுத்துக்கலைஞர்கள் மை செய்தனர் என்பதும் அந்நகரில் வழிவழியாகப் பேசப்படும் செய்தி. தொழுகைக்கு ஒளி தந்த விளக்கே மறையெழுதவும் கரி தந்தது எனும் எண்ணம் உள்ளத்தைத் தொடுகிறதன்றோ!

உலோகத்தில் ஒட்டாத மை

இந்த அருமையான மைக்கு ஒரு குறை இருந்தது. அது தாளுக்கும் எழுதுகோலுக்கும் பொருந்தும், மரக்கட்டைக்கும் ஓரளவு பொருந்தும், உலோகத்துக்குப் பொருந்தாது.

அச்சு என்பதே முஸ்லிம்களுக்கு அந்நியமானது என்று கூறுவோர், ‘தர்ஷ்’ எனும் கலையை அறியாதவர்கள். ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டளவில் தொடங்கி, எகிப்திலும் பிற இடங்களிலும் துஆக்களையும் திருவசனங்களையும் அச்சுக்கட்டையால் தாளில் ஒற்றி எடுத்தனர். அத்தகைய ஒற்றைத் தாள்கள் இன்றும் பல நாட்டு நூலகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. அக்கலை ஏனோ வளராமல் சில நூற்றாண்டுகளுக்குப்பின் மங்கி மறைந்தது.

சீன நாட்டில் 1313இல் தம் வேளாண்மை நூலை வெளியிட்ட வாங் ஜென், மரத்தில் தனித்தனி எழுத்துகள் செதுக்கி அச்சிடும் முறையை விளக்குமிடத்து, தமக்கு முன்னர் வெள்ளீயத்தில் எழுத்து வார்த்தவர்கள் மை சரியாகப் பற்றாமையால் அதனைக் கைவிட்டதைச் சொல்கிறார். நீரில் குழைத்த மை, வழவழப்பான உலோகத்தின்மேல் தாமரையிலைத் தண்ணீர்போல் துளித்துளியாகத் திரண்டு நிற்கும்; சீராகப் பரவாது. எழுத்து இருந்தும், தாள் இருந்தும், மை இடமளிக்கவில்லை.

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1455ஐ ஒட்டி விவிலியத்தை அச்சிட்டு முடித்த குட்டன்பர்க்கின் சாதனையில் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர் நீரை விட்டு எண்ணெயைப் பிடித்தார். ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சினால் அது தேன்போல் தடிக்கும். ஓவியர்கள் அதனை முன்பே அறிந்திருந்தனர். அத்தடித்த எண்ணெயில் கரியைக் குழைத்தால் அது உலோக எழுத்தின் முகத்தில் மெல்லிய படலமாக ஒட்டும்; தாளில் அழுத்தியதும் விட்டுக்கொடுக்கும். 1980களில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில், தாளுக்குத் தீங்கு நேராத துகட்கற்றை முறையில் அவ்விவிலியத்தின் மையை ஆய்ந்தபோது, அதில் ஈயமும் செம்பும் மிகுதியாகக் கலந்திருப்பது தெரியவந்தது. ஐந்து நூற்றாண்டு கழிந்தும் அதன் கருமை மங்காதிருப்பதை அதனைக் கண்ணுற்றோர் வியக்கின்றனர்.

நம்மவர் அச்சுக்குப் பிந்தியதற்கு உஸ்மானிய சுல்தான்களின் தடையாணையே காரணம் என்று பல நூல்கள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. 1485ஆம் ஆண்டு ஆணை என்றும், 1515ஆம் ஆண்டு ஆணை என்றும் குறிப்பர். அவ்வாணைகளின் மூலப்படி எதுவும் இதுவரை கிடைத்திலது என்பதை அண்மைக்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அதே இஸ்தான்புல்லில் யூதர்கள் 1493இல் நூல் அச்சிட்டனர் என்பதும் வரலாறு. காரணங்கள் பல. ஆயிரக்கணக்கான படியெடுப்போரின் பிழைப்பு, இணைந்தெழுதும் அரபு எழுத்தை உலோகத்தில் வார்ப்பதன் அருமை, கையெழுத்தழகின் மீதிருந்த பற்று என அவை விரியும். அவற்றோடு, வீட்டில் செய்துகொள்ளும் மையிலிருந்து உலையில் காய்ச்சும் மைக்கு மாறவேண்டியிருந்ததையும் நாம் சேர்த்து எண்ணவேண்டும்.

காய்ச்சியவரும் விற்றவரும்

ஐரோப்பாவின் முதல் அச்சகத்தார் தம் மையைத் தாமே காய்ச்சினர். எண்ணெய் தீப்பற்றும் என்பதால் ஊருக்கு வெளியே திறந்தவெளிக்குச் சென்று காய்ச்சுவர். கொதிக்கும் எண்ணெயில் ரொட்டித் துண்டும் வெங்காயமும் இடுவதுண்டு. கொழுப்பு நீங்கும் என்பது நம்பிக்கை. ஆண்டுக்கு ஓரிருமுறை காய்ச்சிவைத்துக்கொண்டால் போதுமாயிருந்தது.

மெல்ல மெல்ல மை விற்பதே தனித்தொழிலாயிற்று. 1683இல் அச்சுக்கலை பற்றிய முதற்பெரும் ஆங்கிலக் கைந்நூலை வெளியிடத் தொடங்கிய ஜோசப் மாக்ஸன், தம் நாட்டு மை வணிகர் செலவைக் குறைக்க மீனெண்ணெயும் ரோசனமும் கலந்து விற்பதைக் கண்டித்து, ஹாலந்துக்காரர் ஆளிவிதை எண்ணெயை முறையாகக் காய்ச்சிச் செய்யும் மையைப் பாராட்டுகிறார். கலப்படத்தின் வரலாறும் மையின் வரலாற்றோடு உடன்பிறந்ததே என்பது இதனால் விளங்கும். பர்மிங்காம் நகர ஜான் பாஸ்கர்வில், 1757இல் தம் முதல் நூலை வெளியிட்டபோது, எழுத்து, தாள் ஆகியவற்றில் எவ்வளவு அக்கறை காட்டினாரோ அவ்வளவு அக்கறையை மையிலும் காட்டித் தாமே செய்துகொண்டார். அவரைப் போன்றோர் விதிவிலக்கே. 19ஆம் நூற்றாண்டில் நீராவி அச்சுப்பொறிகள் வந்தபின் மை ஆலைப்பொருளாயிற்று. பீப்பாய்களிலும் பெருந்தகர டப்பிகளிலும் அடைத்து விற்கப்பட்டது. நாளேடு அச்சிடுவோனுக்கு அதுவே ஏற்ற அளவு. சிறிய அளவில் கேட்பவன் வணிகனின் கணக்கில் வரவில்லை.

இஸ்தான்புல்லும் பூலாக்கும்

இஸ்தான்புல்லில் இப்ராஹீம் முதஃபர்ரிக்கா 1727இல் அரசின் இசைவும் ஷைகுல் இஸ்லாமின் ஃபத்வாவும் பெற்று, 1729இல் வான்குலி அகராதியை வெளியிட்டார். 1742 வரை அவர் வெளியிட்டவை 17 நூல்கள். மார்க்க நூல்களைத் தவிர்த்து அகராதி, வரலாறு, புவியியல் முதலியனவே அச்சிட இசைவிருந்தது.

எகிப்தில் முஹம்மது அலீ பாஷா, 1815இல் நிகூலா மஸாபிக்கியை மிலான் நகருக்கு அனுப்பி அச்சுத்தொழில் பயிலச் செய்தார். 1820இல் கெய்ரோவின் பூலாக் துறையில் அரசு அச்சகம் எழுந்தது. 1822இல் முதல் நூலாக இத்தாலிய–அரபு அகராதி வெளிவந்தது. பொறி, தாள், மை ஆகியவற்றுக்குத் தொடக்கத்தில் இத்தாலியையே நாடவேண்டியிருந்தது. பின்னரே உள்நாட்டில் மை செய்யத் தலைப்பட்டனர். அக்கால எகிப்திய ஆலிம்கள் சிலருக்கு அச்சுப் பொருள்களின் தூய்மை குறித்த ஐயம் இருந்தமையை, 1836இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்ட் லேன் பதிவு செய்துள்ளார். இதனை அறியாமை என்று எள்ளி நகையாடுதல் எளிது. வீட்டிலே தம் கண்முன் அரைத்த மையால் இறைநாமம் எழுதிப் பழகியோர், எவர் கையாலோ எதைக் கலந்தோ காய்ச்சப்பட்டுக் கடல் கடந்து வந்த டப்பியைத் திறக்குங்கால், உள்ளிருப்பது யாது என்று கேட்டதில் தவறென்ன? மாக்ஸன் கேட்டதும் அதே கேள்விதானே.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே ஒரு வழி திறந்தது. அது கல்லச்சு. மூனிக் நகரின் அலோயிஸ் ஸெனஃபெல்டர் 1796இல் கண்ட இம்முறையில், மெழுகும் கொழுப்பும் சவர்க்காரமும் கரியும் சேர்ந்த மையால் எழுதிய எழுத்தைச் சுண்ணாம்புக் கல்லிலே பதித்து அச்சிடுவர். கொழுப்பும் நீரும் ஒட்டாது என்பதே அதன் அடிப்படை. எழுத்து வார்க்கவேண்டிய தேவையில்லை; கையெழுத்தழகும் கெடுவதில்லை. ஒரு கல்லும் ஓர் எழுத்தாளரும் ஒரு பொறியும் சிறிதளவு மையும் இருந்தால் அச்சகம் தயார். லக்னோவில் 1858இல் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் முதலியன இம்முறையால் அரபு, பாரசீக, உருது நூல்களைப் பெருக்கின. நம் முன்னோரின் அரபுத் தமிழ் நூல்கள் பலவும் கல்லச்சிலேயே உலாவந்தன. நம் பாட்டிமார் மடியில் வைத்து ஓதிய மஞ்சளேறிய கிதாபுகளின் எழுத்தில் மனிதக் கையின் நெளிவு தெரிவதற்குக் காரணம் இதுவே. சிறுமுதல் கொண்டோர் கைக்கு எட்டிய அச்சுமுறை எதுவோ அதுவே எளியோர் வீட்டில் நூலைக் கொண்டுசேர்த்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மோரிஸ் தேடிய மை

ஆலைப்பொருள் பெருகியபின், கைத்தொழிலின் அழகை மீட்க முனைந்தவருள் தலையாயவர் இங்கிலாந்தின் வில்லியம் மோரிஸ். 1891இல் லண்டனை அடுத்த ஹாமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைக் கையால் இயக்கும் ஆல்பியன் பொறிகளோடு நிறுவினார். எழுத்தைத் தாமே வரைந்தார்; கையால் செய்த தாளைத் தனியே செய்வித்தார். மை மட்டும் வாய்க்கவில்லை. ஆங்கில ஆலைகளின் மை அவர் விரும்பிய ஆழ்ந்த கருமையைத் தரவில்லை. தாமே மை காய்ச்சலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. முடிவில் ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்த யேனெக்கே நிறுவனத்திடமிருந்து மை தருவித்தார். அது மிக விறைப்பானது. உருட்டிப் பரப்புவது கடினம் என்று தொழிலாளர் குறைகூறினர். மோரிஸ் விட்டுக்கொடுக்கவில்லை. 1896இல் வெளிவந்த சாஸரின் படைப்புத் தொகுதி, தாளில் 425 படிகளும் தோலில் 13 படிகளுமாக அந்த மையாலேயே உருவாயிற்று.

மோரிஸ் செல்வர், அவரால் பிறநாட்டிலிருந்து மை தருவிக்க முடிந்தது. அவரைப்போல ஆசை உடையவராய், அவரைப்போலச் செல்வம் இல்லாதோர் என்செய்வர்?

மேசைமேல் அச்சகம்

அதற்கு விடை அமெரிக்காவிலே முன்னரே தோன்றியிருந்தது. பாஸ்டன் நகரின் பெஞ்சமின் வுட்ஸ் 1867இல் ‘நாவல்டி’ எனும் சிற்றச்சுப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1872இல் கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் ஊரில் வில்லியம் கெல்சி தம் ‘எக்ஸெல்சியர்’ பொறிகளை விற்கத் தொடங்கினார். சிறுவர்களும் கடைக்காரர்களும் இவற்றை வாங்கி, முகவரிச் சீட்டுகளும் சிற்றிதழ்களும் அச்சிட்டனர். இத்தகைய இளைஞர்கள் 1876இல் பிலடெல்பியாவில் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கமே கண்டனர். இங்கிலாந்தில் டொனால்ட் ஆஸ்பினால் 1922இல் தொடங்கிய ‘அடானா’ பொறிகள், லண்டனை அடுத்த ட்விக்கன்ஹாமில் 1999 வரை செய்யப்பட்டன. மேசைமேல் வைத்துக் கைப்பிடியை அழுத்தி இயக்கும் இப்பொறி, எண்ணற்ற வீடுகளிலும் பள்ளிகளிலும் இடம்பிடித்தது.

இந்நிறுவனங்களின் அறிவுடைமையை ஒரு செயலில் காணலாம். அவை பொறியை மட்டும் விற்று நின்றுவிடவில்லை. சிறு தொகுதியாக எழுத்து, சிறு கட்டாகத் தாள், பற்பசைபோல் குழாயில் அடைத்த சிறிதளவு மை என அனைத்தையும் பொறியின் அளவுக்கு ஏற்பச் சுருக்கித் தந்தன. சிறிய பொறி வாங்கியவனிடம் பெரிய டப்பி மையை விற்பது அவனை ஏமாற்றுவதாகும் என்பதை அவ்வணிகர் அறிந்திருந்தனர்.

கணக்கும் காலமும்

அளவு ஏன் இத்துணை முக்கியம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வாழ்த்து அட்டையின் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று கொள்க. எழுத்துகள் மூடுமிடம் அதில் பத்தில் ஒன்று, அதாவது 15 சதுர சென்டிமீட்டர். தாளில் படியும் மைப்படலத்தின் தடிப்பை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் மூன்று பங்கு என்று வைத்தால், ஓர் அட்டைக்குச் செலவாவது 0.0045 கனசென்டிமீட்டர். 200 அட்டைகளுக்கும் சேர்த்து 0.9 கனசென்டிமீட்டர், எடையில் ஏறத்தாழ ஒரு கிராம். மைத்தட்டிலும் உருளைகளிலும் தங்கித் துடைத்தெறியப்படுவது நான்கு கிராம் என்று சேர்த்தாலும் மொத்தம் ஐந்து கிராம். ஒரு கிலோ டப்பி இத்தகைய 200 வேலைகளுக்கு வரும். மாதம் ஒரு வேலை செய்வோனுக்கு அது தீர 16 ஆண்டுகளுக்கு மேலாகும்!

அத்தனை ஆண்டு மை காத்திருக்குமா என்பதே கேள்வி. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வாயுவை ஏற்று இறுகுவது. தாளில் அவ்வாறு இறுகுவது நன்மை. டப்பியில் இறுகுவது தீமை. ஒருமுறை திறந்த டப்பியின் மேற்புறம் பாலாடைபோல் தோல் படியும். அந்தத் தோலின் துணுக்குகள் எழுத்தில் சிக்கினால் அச்சு கெடும். விரைந்து உலரவேண்டிக் கோபால்ட், மாங்கனீஸ் உப்புகள் சேர்த்த மையில் இது இன்னும் விரைவாக நிகழும்.

இதனால் அனுபவசாலிகள் சில வழிகளைக் கைக்கொள்கின்றனர். டப்பியின் நடுவே கத்தியால் குழிதோண்டி எடுக்கலாகாது. மேற்புறத்தைச் சமமாக வழித்தெடுத்து, மெழுகுதாள் வட்டமொன்றை மையோடு ஒட்ட அழுத்திவைத்து, மூடியை இறுக மூடவேண்டும். குழாயில் அடைத்த மைக்கு இந்தத் தொல்லை குறைவு. பிதுக்கியபின் காற்று உட்புக இடமில்லை. கிராம் கணக்கில் பார்த்தால் குழாயின் விலை கூடுதலே. பாதி டப்பி மை தோலாகிக் குப்பைக்குப் போவதைக் கணக்கில் சேர்த்தால், கூடுதல் விலை உண்மையில் குறைந்த விலையாகிவிடும்.

மையின் வகையறிந்து வாங்குவதும் வேண்டும். ரப்பர் கலந்த மை நாள் முழுதும் பொறியில் உலராதிருக்கும். ஓய்வு நேரத்தில் அச்சிடுவோனுக்கு உகந்தது. ஆயின் அது பெரும்பாலும் தாளில் ஊறியே உலர்வதால் பளபளப்பான தாளுக்கு ஆகாது. அதற்கு எண்ணெய் மையே தக்கது. லினோலியம் வெட்டிப் படம் ஒற்றுவோருக்கென விற்கும் இளகிய மை, உலோக எழுத்தின் நுண்ணிய இடைவெளிகளில் புகுந்து நிரப்பிவிடும். ஆஃப்செட் அச்சுக்குரிய எண்ணெய் மை எழுத்தச்சுக்கும் பெரும்பாலும் உதவும். நிறத்துக்கு ஒரு டப்பி வாங்கும் தேவையும் இல்லை. 1963இல் அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம், சில அடிப்படை நிறங்களைக் குறித்த விகிதத்தில் கலந்து நூற்றுக்கணக்கான நிறங்களைப் பெறும் அட்டவணையை வெளியிட்டது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் எனச் சில மைகளை வைத்துக்கொண்டே வேண்டியதைக் குழைத்துக்கொள்ளலாம். வெளிறிய நிறத்தை முதலில் வைத்து, அடர்ந்த நிறத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே முறை; மாறிச் செய்தால் வேண்டியதைப்போல் பத்து மடங்கு குழைக்க நேரும்.

மேலை நாட்டு ஆர்வலர் இன்னொரு வழியும் அறிவர். தம் ஊரிலுள்ள அச்சகத்தாரை அணுகி, டப்பியிலிருந்து கத்திமுனையில் சிறிது மை கேட்டுப் பெறுவர். மூடப்படும் பழைய அச்சகங்களில் எஞ்சிய டப்பிகளை வாங்குவோரும் உண்டு. பல ஆண்டு கிடந்த டப்பியாயினும், தடித்த தோலை அகற்றினால் அடியில் நல்ல மை இருக்கக்கூடும். மேற்தோலே உள்ளிருப்பதைக் காத்துவைத்திருக்கிறது!

நமக்கு இதனால் என்ன?

நம் ஊர்களில் காலால் மிதித்து இயக்கும் டிரெடில் அச்சகங்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலம் ஒன்றுண்டு. நிக்காஹ் அழைப்பிதழும், மீலாது விழாத் துண்டறிக்கையும், மதரஸா ஆண்டறிக்கையும், நம் இலக்கிய இதழ்களும் அங்கேதான் பிறந்தன. அச்சுக்கோப்போர் கைவிரலில் மை ஏறிய அந்த அச்சகங்கள், ஆஃப்செட்டும் கணிப்பொறியும் வந்தபின் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஈய எழுத்துகள் எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்பட்டன. வணிகத்தின் போக்கு அது; அதனைப் பழித்துப் பயனில்லை.

ஆயினும் எங்கேனும் ஒரு வீட்டின் பின்கட்டிலோ, மூடிய கடையின் மூலையிலோ பொறியொன்றும் எழுத்துப் பெட்டி சிலவும் எஞ்சியிருக்குமாயின், அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருகணம் சிந்திக்குமாறு வேண்டுகிறோம். பிள்ளைகளுக்கு அதனை இயக்கிக் காட்டலாம். ஒரு துஆவை, ஒரு பெருநாள் வாழ்த்தை அவர்கள் தம் கையால் எழுத்தெழுத்தாகக் கோத்து அச்சிடட்டும். ஓர் எழுத்து பிழைபட்டால் வரி முழுதும் தளர்வதையும், திருத்தப் பொறுமை வேண்டுவதையும் அவர்கள் விரலால் உணர்வர். நூல் என்பது எத்தனை பேரின் உழைப்பு என்பது அப்போது சொல்லாமலே விளங்கும். அதற்காகும் மை ஐந்து கிராம். பக்கத்து அச்சகத்தில் கேட்டால் தாளில் மடித்துத் தரத்தக்க அளவு.

வீண்விரயம் செய்யாதீர் என்பது திருமறையின் கட்டளை. தேவைக்குமேல் வாங்கிக் குவிப்பது மட்டுமா விரயம்? பயன்படத்தக்க ஒன்றை, அதற்குரிய சிறிய பொருளைத் தேடித்தர மனமின்றிக் கிடப்பில் போடுவதும் விரயமே. அன்று லீக்காவில் ஊறிய மை, எழுதுவோனின் தேவையறிந்து தன்னை அளந்து கொடுத்தது. கல்லச்சின் காலத்தில் சிறுமுதல் கொண்டோரும் நூல் வெளியிட முடிந்தது. ஆலையின் அளவு மட்டுமே எஞ்சும்போது எளியவனின் கைத்தொழில் சந்தையிலிருந்து தானே விலகிவிடுகிறது. எவரும் அதனைத் தடைசெய்ய வேண்டியதில்லை.

எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவன், எழுத்தைச் சுமந்த சிறிய பொருள்களையும் அவற்றைச் செய்த எளிய கைகளையும் மதிக்கும் மனத்தை நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.